அறை வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

பிள்ளைகளின் அணியோடு கூடவே வெளிநாடு போய் வந்தவள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. உக்குவளை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, மாத்தளையில் மரக்கறி பொறுக்கும்போது, ஒரு தடவை செத்த வீட்டில்கூட, யாராவது ஒரு தாய் பக்கத்தில் வந்து நின்று மெல்லக் கேட்பாள்.

"அக்கா, எங்க மக டீமையும் கூட்டிட்டுப் போறாங்களாம். நானும் கூடப் போறேன். என்னென்ன எடுத்துக்கிட்டா நல்லது?"

எனக்கு ஒரே இடத்தில் நின்று பதில் சொல்ல வராது. நடந்துகொண்டே சொல்வேன், அவளும் கூட நடப்பாள். கடுகண்ணாவை மலை வளைவுகளில் தலை சுற்றும், முகர்ந்து பார்க்கக் கையில் ஒரு தேசிக்காய் வைத்துக்கொள். விமானத்துக்குள் குளிரும், காலுக்கு மேஸ் போட்டுக்கொள். சோற்றுக்குக் கொண்டுபோகிற கட்டச் சம்பலைக் கைப்பையில் வைக்காதே, விமான நிலையத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள், உனக்கு அழுகை வரும். பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வை. பாஸ்போர்ட்டை ஒரு தடவை போட்டோ பிடித்துப் போனில் வைத்துக்கொள். பயிற்சி தரும் மிஸ்ஸிடம் எல்லாத் தாய்மாரும் போய் நிற்காதீர்கள், ஒருத்தி பேசினால் போதும். போட்டி நாளில் பிள்ளைக்குக் கிட்டே போகாதே. தலை பின்னிவிடுகிறேன், தண்ணி தருகிறேன் என்று போனாலும் போகாதே. அன்றைக்கு அவள் உன் பிள்ளை இல்லை, அணியின் பிள்ளை.

சப்பாத்தைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வேன். அதைச் சொல்லத் தொடங்கினால் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். பஸ் வந்துவிடும், கதை முடியாது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பாடசாலை வலைப்பந்து அணியில் கோல் கீப்பர். எதிர்ப்பக்கத்துப் பிள்ளை வளையத்தைப் பார்த்து எறியும் பந்தைக் குதித்துத் தட்டுவதுதான் அவள் வேலை. அதற்கு உயரம் வேண்டும். உயரம் அவள் அப்பாவிடமிருந்து வந்தது. பாதம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் தெரியாது. அப்பாவின் செருப்பை அவள் போட்டால் குதிகால் வெளியே நிற்கும். மாத்தளையில் சப்பாத்துக் கடைக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆம்பளைங்க பக்கம்தான் பாக்கணும் பிள்ள" என்றபோது, அவள் இரண்டு பாதத்தையும் ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கு முந்தின வருடம் ஒரு போட்டியில் குதித்து இறங்கும்போது இன்னொரு பிள்ளையின் காலில் இறங்கிவிட்டாள். இடது கணுக்கால் மடிந்து பலாக்கொட்டை அவித்த மாதிரி வீங்கியது. மாதக்கணக்கில் அவள் படிகளைப் பக்கவாட்டாக இறங்கினாள். கண்டியில் டாக்டர் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். கணுக்காலைப் பிடித்து நிற்கிற உயரமான சப்பாத்து, சரியான அளவில் வேண்டும். அது இல்லாமல் குதிக்கக் கூடாது. இன்னொரு தடவை மடிந்தால் விளையாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

கண்டியில் தேடினோம், கொழும்பில் தேடினோம். கடைசியில் ஒரு கடையின் மேல்மாடியில், ஆண்கள் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி கிடைத்தது. அழகே இல்லாத சப்பாத்து. இரண்டு படகு மாதிரி இருந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே ஒரு தடவை மெல்லக் குதித்துப் பார்த்தாள். மிஸ்ஸும் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்தச் சப்பாத்து இருந்தா இறக்குவேன். இல்லேன்னா அழுதாலும் இறக்க மாட்டேன். கால் முக்கியம்."

மலேசியாவில் பாடசாலைப் பிள்ளைகளுக்கான போட்டிக்கு அழைப்பு வந்தபோது, அந்தச் சப்பாத்தைப் பெரிய பெட்டியில் போட நான் விடவில்லை. பெட்டி தொலைந்தால் உடுப்பு வாங்கலாம், இதை எங்கே வாங்குவது? வேனில் மடியில் வைத்திருந்தேன். விமானத்தில் காலடியில் வைத்திருந்தேன். என்னோடு வந்த ஒரு ராத்தா, மாத்தளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுத் தாய், வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டு வந்தார். அவர் மகள் அணியிலேயே ஆகச் சின்னப் பிள்ளை. கோழிக்குஞ்சு மாதிரிப் பாதம்.

"தங்கச்சி, அதுக்கும் ஒரு சீட் எடுத்தீக்கலாமே. சீட் பெல்ட் போட்டு விட்டா அதுவும் நல்லா வரும்."

"உங்க மிளகாய்த்தூள் பேக்குக்கு ரெண்டு சீட் எடுக்கணும் ராத்தா."

"அது எல்லாருக்கும் சாப்பிட. ஒங்கட சப்பாத்த ஆரு சாப்பிடுற?"

போய்ச் சேர்ந்த அன்று மாலை, ஹோட்டலுக்குப் பக்கத்துத் திடலில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. அங்கத்து மழை எங்கள் மழை மாதிரி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. சட்டென்று கொட்டிச் சட்டென்று நிற்கிறது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு, நனைந்துகொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட மாடிக்கு வந்தார்கள். அறை வாசலுக்கு வந்ததும் ஒவ்வொருத்தியும் குனிந்தாள். கழற்றினாள். மேஸைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் செருகினாள். சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். உள்ளே போனாள்.

யாரும் சொல்லவில்லை. யார் சொல்ல வேண்டும்? வீட்டுக்கு வெளியே கழற்றுகிறோம், கோயிலுக்கு வெளியே, பள்ளிவாசலுக்கு வெளியே, புத்தரின் பன்சலைக்கு வெளியே. உக்குவளையில் சில டாக்டர்மாரின் அறைக்குப் போகும்போதுகூட வெளியேதான். அணியில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே பழக்கம். தாய்மாரும் கழற்றினோம். ராத்தா அந்த நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழம பள்ளி வாசல் மாதிரி இரிக்கி" என்றார். எனக்கும் ஊரின் ஒரு பகுதி கூடவே வந்த மாதிரி இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

காலையில் கதவைத் திறந்தேன். கம்பளம் இருந்தது. சிவப்பு நிறம், நீளம், துப்புரவு. வேறொன்றும் இல்லை.

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொரு கதவிலும் ஒரு தலை. தலை கீழே பார்த்தது, இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. ராத்தாதான் முதலில் பேசினார்.

"ஒன்டுமே இல்லையே. எந்தக் கள்ளனுக்கு இந்த நாத்தம் தாங்கிச்சி?"

மிஸ் வந்தார். "யாரு வெளிய வைக்கச் சொன்னது?" என்று கேட்டார். எல்லோரும் மிஸ்ஸின் காலைப் பார்த்தோம். அவர் காலிலும் ஒன்றுமில்லை. அவரும் கழற்றித்தான் வைத்திருந்தார். குனிந்து தன் பாதத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஆளாளுக்குத் தேடுங்க" என்றார்.

போட்டி காலையிலேயே. கடைகள் திறக்க முன்னம் பஸ் வந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு வழி இருந்தது. இரண்டு பேரிடம் பெட்டிக்குள் பழைய சப்பாத்து இருந்தது. இன்னும் சிலருக்குப் பக்கத்து அணியிடம் கேட்டு வாங்கலாம் என்று மிஸ் சொன்னார். சின்னப் பாதங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மாறும். என் மகளின் பாதத்துக்கு மாற்று, அந்தக் கட்டடத்தில் இல்லை. மிஸ் என்னைப் பார்த்தார், பிறகு மகளின் கணுக்காலைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சப்பாத்து வாங்கிய அன்றைக்கே சொல்லியிருந்தார்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அணியின் உடுப்பைப் போட்டு முடித்திருந்தாள். கீழே பாத்ரூம் ஸ்லிப்பர்.

"பரவால்லம்மா. நான் பெஞ்ச்ல உக்காந்து கை தட்டுறேன். அதுக்குச் சப்பாத்து தேவையில்லதானே."

அழுதிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன். அவள் அழவில்லை. அதனால் எனக்கு இருக்க முடியவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் வெறுங்காலோடு படிகளில் இறங்கினேன். ராத்தா பின்னால் வந்தார். என் விரல்கள் தம் பாட்டுக்குச் சட்டைப் பையில் செபமாலையைத் தேடின. அது அறையில் கிடந்தது.

கீழே மேசையில் இருந்த பெண்ணுக்கு எங்கள் ஆங்கிலம் விளங்கவில்லை, எங்களுக்கு அவளுடையது விளங்கவில்லை. ராத்தா தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். அவள் பயந்து ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். வாசலில் நின்ற காவல்காரர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். நடுத்தர வயது, நெற்றியில் விபூதி.

"என்னக்கா, கால் வலியா? சிலோனா நீங்க?"

தமிழைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"வெளிய எதுக்குக்கா வச்சீங்க? வழியில ஒண்ணும் வைக்கக் கூடாது லா, நெருப்புப் பிடிச்சா ஆளு ஓட முடியாது. காலையில க்ளீனிங் ஆளுங்க எடுத்திருப்பாங்க."

"எடுத்து என்ன செய்வாங்க?"

"பழசா இருந்தா குப்பைக்குப் போயிரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருங்க, இருங்க. கீழ போய்ப் பாப்போம்" என்றார்.

கட்டடத்தின் அடியில் ஒரு நீளமான நடை. ஒரு பக்கம் குப்பை அறை. கறுப்புப் பைகள் வாய் கட்டி அடுக்கியிருந்தன. வெளியே லொறி ஒன்று பின்பக்கமாக வருகிற சத்தம் கேட்டது. நான் ஒரு பையைப் பிடித்து அவிழ்க்கத் தொடங்கிவிட்டேன். ராத்தா என் கையைப் பிடித்தார். "கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. அங்கால சத்தம் கேக்குது, கேளுங்க."

அந்தப் பக்கத்து அறையிலிருந்து தொம், தொம் என்று ஒரு சத்தம். சலவை அறை. கதவைத் தள்ளினோம். பெரிய மெஷின் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நுரைக்குள் எங்கள் பிள்ளைகளின் சப்பாத்துகள் உருண்டு உருண்டு வந்து முகம் காட்டிவிட்டுப் போயின.

அங்கே நின்ற பெண் காவல்காரரிடம் மலாயில் ஏதோ சொன்னாள். அவர் எங்களுக்குச் சொன்னார். "மேஸ் சுருட்டி உள்ள வச்சு, வரிசையா வச்சிருந்தீங்களாம். குப்பைன்னு யாரு நினைப்பா, துவைக்கத்தான் வச்சிருக்காங்கன்னு கொண்டு வந்தாங்களாம்."

நான் கண்ணாடிக்குக் கிட்டே போய் நின்றேன். வெள்ளை வந்தது, நீலம் வந்தது, மிஸ்ஸின் கறுப்பு வந்தது. சாம்பல் வரவில்லை. மறுபடி வெள்ளை, நீலம். வரவில்லை.

"ஒரு ஜோடி குறையுது" என்றேன். கையை விரித்து நீளம் காட்டினேன். "பெருசு. இவ்வளவு."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுவர்ப் பக்கம் கை நீட்டினாள். அங்கே, சூடு வீசுகிற ஒரு குழாய்க்கு மேலே, இரண்டு படகுகள். மெஷினுக்குப் போடுகிற வலைப்பைக்குள் அவை நுழையவில்லையாம். அதனால் துடைத்து, காய வைத்திருக்கிறாள். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். நுனிவரைக்கும் விட்டேன். காய்ந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றிய மாதிரி.

ராத்தா கண்ணாடிக்குள் உருளுகிற சின்னச் சப்பாத்துகளையும் என் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அல்லாஹ் ஒங்கட மகளுக்குப் பெரிய கால் தந்தது இதுக்குத்தான். என்ட மகள் இன்டைக்கு நனஞ்ச சப்பாத்தோட, சளக் சளக்கென்டு மீன்காரன் மாதிரித்தான் ஓடப்போறா."

மேலே போனதும் சூட்டில் ஹோட்டலே ஒரு பேக்கரி ஆனது. தலை உலர்த்தும் மெஷின்கள் எல்லா அறையிலும் ஊதின. ஒரு தாய் ஸ்திரிக்கைப் பெட்டியை மேஸின் மேல் ஓட்டினாள். பேப்பரைக் கசக்கிச் சப்பாத்துகளுக்குள் அடைத்து, எடுத்து, மறுபடி அடைத்தோம். பஸ்ஸுக்குள்ளும் பிள்ளைகள் சப்பாத்துகளை ஜன்னலுக்கு வெளியே காற்றில் பிடித்துக்கொண்டு போனார்கள். சிக்னலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். முந்தின நாள் வாசலில் கழற்றிய சப்பாத்தையே காலில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் இருந்தது என் மகள் மட்டும்தான். அவள் கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொள்ளவில்லை. இருக்கைகளுக்கு நடுவில் நடக்கிற வழியில் நீட்டி வைத்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் தாண்டிப் போனார்கள்.

போட்டியில் தோற்றோம். நிறையப் புள்ளி வித்தியாசம் இல்லை. மூன்றாம் கால்பகுதியில், எதிர்ப்பக்கத்துப் பிள்ளை எறிந்த பந்துக்கு என் மகள் ஒரு குதி குதித்தாள். மேலே போனது எனக்குத் தெரியாது. அவள் இறங்குவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கால் தரையில் பட்டது. நின்றது. அவள் திரும்பி ஓடினாள். ராத்தா என் முழங்காலில் தட்டி, "மூச்ச விடுங்க" என்றார்.

அன்று மத்தியானம் ஒரு சப்பாத்தும் வாசலில் இல்லை. எல்லாம் உள்ளே. கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்குள், ஜன்னல் திட்டில். அந்த ஹோட்டலில் ஜன்னல் திறக்க முடியாது. ஏசி அந்த நாற்றத்தை எடுத்துச் சுற்றிச் சுற்றி எங்களுக்கே தந்தது. ராத்தா முக்காட்டுத் துணியை மூக்கில் சுற்றிக்கொண்டு, வெறும் சோறும் கட்டச் சம்பலும் பரிமாறினார். மகள் சாப்பிட்ட கை கழுவாமலே சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். பிறகு வலதைப் பிடித்தேன். இரண்டும் ஒரே அளவு. அவள் தூக்கத்தில் காலை உதறிக்கொண்டு, "விடும்மா, கூசுது" என்றாள்.