சந்தனத்தில் ஒட்டிக்கொண்ட பிளாஷ்

‘டக்... டக்... கிரீச்!’

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த ஹேமாவதியின் கை அப்படியே நின்றது. சத்தம் ஹாலிலிருந்து வந்தது. பதினெட்டு வருஷமாகக் காமிரா ரிப்பேர் பார்க்கிறவளுக்கு அது, பெற்ற பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்த சத்தம் மாதிரி.

“கையை எடுங்க தம்பி! திருகாதீங்க!” புளிக்கையோடு ஓடி வந்தாள்.

ஐந்து நிமிஷம் முன்பு வந்து, உட்காரச் சொன்ன சோபாவில் உட்கார்ந்திருந்த போட்டோகிராபர் தனசேகர், காமிராவை முழங்காலில் இடுக்கிக்கொண்டு அதன் தலையில் மாட்டியிருந்த பிளாஷைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

“பிளாஷ் எரியலக்கா. கழட்டித் தொடைக்கலாம்னா வர மாட்டேங்குது. பேஜாரா கீது. பதினோரு மணிக்கு ஊரப்பாக்கத்துல ஃபங்ஷன். மண்டபம் ஒரே இருட்டு.”

“இன்னும் ஒரு தடவை இழுத்தா, காமிராவோட தலையே பேந்து வந்துடும். இந்தாங்க.” பூண்டுத் தட்டை அவன் மடியில் வைத்தாள். “உரிங்க.”

“பூண்டா?”

“கை சும்மா இருந்தா அதைத்தான் நோண்டும்.”

சேலையூர் கேம்ப் ரோட்டில் எந்தக் கல்யாண போட்டோகிராபரைக் கேட்டாலும் ‘பிளாஷ் அக்கா’ வீட்டுக்கு வழி சொல்வார்; அங்கே பூண்டு உரித்த கதையையும் சேர்த்தே சொல்வார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு காமிரா கடைக்கு ரசீது எழுதப் போனவள் ஹேமாவதி. மெக்கானிக் சாப்பிடப் போகும் நேரத்தில், திறந்து கிடக்கும் காமிராக்களை எட்டி எட்டிப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமானதும் ஹால் ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டாள். கணவர் மோகன்ராஜ் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது போன் அடித்தால் அவரே எடுத்து, “பிளாஷா, லென்ஸா?” என்று கேட்கிறார்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஹேமாவதி மேஜையில் உட்கார்ந்தாள். காமிரா, பிளாஷ் இரண்டையும் ஆஃப் செய்து, இரண்டின் பாட்டரியையும் எடுத்தாள். பிளாஷின் பூட்டைத் திறந்து, அடிப்பாகத்தைப் பிடித்து மெதுவாகப் பின்பக்கம் தள்ளினாள். அசையவில்லை. பூதக்கண்ணாடியை வைத்து உற்றுப் பார்த்தாள். இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

“தம்பி, இது சந்தனமா?”

தனசேகர் தலையைக் குனிந்துகொண்டான். “போன வாரம் ஆயுத பூஜைக்கா. காமிராவும் பிளாஷும் எப்பவும் பிரியாம இருக்கணும்னு வேண்டிகினு, ரெண்டும் சேர்ற எடத்துல நல்லா கொழைச்சு வெச்சேன்.”

“சாமி கேட்டுக்கிச்சு. பிரிய மாட்டேங்குது!”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்று அவன் கண் கலங்கியது.

“இன்னாக்கா பண்றது? அது வேற யாரு ஃபங்ஷனும் இல்ல. என் தங்கச்சி தேவதர்ஷினிக்கு வளைகாப்பு. ஊரெல்லாம் கல்யாணப் படம் எடுத்தேன். அவ லவ் மேரேஜ் பண்ணிகினான்னு அவ கல்யாணத்துக்கு மட்டும் போவல. அவகிட்ட அண்ணன் எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல. மூணு வருஷம் கழிச்சு நேத்துதான் போன் பண்ணா. நானே வந்து எடுக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன்.”

ஹேமாவதி முகத்தை மேஜைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “பூண்டு எங்கே, அழுகை எங்கே? வெங்காயமா குடுத்தேன்?” என்று அதட்டினாள்.

பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, ஈரம் சொட்டாமல் இடுக்கில் ஒற்றினாள். பல்குச்சியால் ஊறிய சந்தனத்தைத் துளித்துளியாக எடுத்தாள். திரும்ப ஒற்றினாள். மணி ஒன்பதரையைத் தாண்டியது. பிறகு வழவழப்பான பிளாஸ்டிக் அட்டையில் மெல்லிய கீற்று ஒன்று நறுக்கி, முன்பக்கமாகப் பிளாஷின் அடியில் நுழைத்தாள். பிளாஷ் கழலாமல் பிடித்தபடி உள்ளே குழியில் மாட்டிக்கொண்டிருந்த குட்டிப் பூட்டு ஊசி மேலே ஏறியது.

“வா கண்ணு... வா...” என்று கொஞ்சினாள்.

‘சரக்.’ வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது பிளாஷ்!

தனசேகர் எழுந்தே நின்றுவிட்டான். பூண்டு தரையெல்லாம் ஓடியது. சந்தனம் படிந்திருந்த மின் தகடுகளைத் துடைத்து, ஸ்பிரிட் வாடை போய் உலரும்வரை அவனைத் தொடவே விடவில்லை ஹேமாவதி. பிறகு பாட்டரியைப் போட்டு, பிளாஷை மாட்டி, பொத்தானை அழுத்தினாள். ஹால் முழுக்க வெளிச்சம் அடித்தது.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

“அண்ணா, எங்க கீற? எல்லாரும் அவசரப்படுறாங்க. நீ வந்து நின்னாதான் கைய நீட்டுவேன்னு சொல்லிட்டேன்.”

அவன் போனை ஹேமாவதி பக்கம் நீட்டினான். ஹேமாவதியே குனிந்து, “கிளம்பிட்டாரும்மா, வந்துகிட்டே இருக்காரு!” என்று கத்தினாள். காமிராப் பையை அவன் தோளில் மாட்டி, வாசல் பக்கம் தள்ளினாள்.

“அக்கா, உங்களுக்கு நான்...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். அழுறதா இருந்தா அங்க போய் அவளைக் கட்டிக்கிட்டு அழு. முதல்ல படத்தை எடு, அப்புறம் அழு. ஃபோகஸ் போயிடும்.”

கீழே பைக் உறுமிக்கொண்டு கிளம்பியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹேமாவதி கதவைச் சாத்தினாள்.