அம்மா கொடுக்கச் சொன்ன தேத்தண்ணிக் காசு

போன வருடம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்ட நாட்களில், நோர்வூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டில் நடந்தது இது. ஒரு பிரிட்ஜ் வந்த கதைதான். பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். யாரும் யாருடைய உயிரையும் காப்பாற்றவில்லை.

பழைய பிரிட்ஜ் கொஞ்ச நாளாகவே உறுமிக்கொண்டிருந்தது. ஒருநாள் உறுமலை நிறுத்தியபோது நிம்மதியாக இருந்தது. அது நிரந்தர ஓய்வு என்பது பால் திரிந்த பிறகுதான் தெரிந்தது. கொழும்பில் வேலை பார்க்கும் மகள் போனிலேயே ஹட்டன் கடை ஒன்றில் புதியதைச் சொல்லி, பணத்தையும் கட்டிவிட்டு, எனக்குத் தகவல் மட்டும் தந்தாள். கூடவே ஓர் உத்தரவு. “தூக்கிட்டு வர்றவங்களுக்குக் கையில ஏதாவது குடுங்கப்பா. சட்டம் பேசாதீங்க.”

நான் அரசாங்க அலுவலகத்தில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் பேசாமல் இருப்பது எனக்குச் சிரமம். ரசீதில் ‘வீட்டு வாசல் வரை இலவசமாகக் கொண்டுவந்து தரப்படும்’ என்று இருந்தது. என் வீடோ வீதியிலிருந்து படி இறங்கிப் போகும் பள்ளத்தில் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போன் போட்டு, வாசல் என்றால் வீதியோரமா, வீட்டு நிலைப்படியா என்று விளக்கம் கேட்டேன். போனை எடுத்த பெண் மனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

இனாம் விஷயத்தில் என் கொள்கை தெளிவானது. செய்கிற வேலைக்குச் சம்பளம் இருக்கிறது. அதற்கு மேல் கையில் வைப்பது எதுவானாலும் அது லஞ்சத்தின் ஒன்றுவிட்ட தம்பி. சர்வீஸில் இருந்த காலத்தில் மடித்த நோட்டோடு என் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “தேத்தண்ணிக்குங்க.” தேயிலை விளைகிற ஊரில் தேத்தண்ணிக்கா பஞ்சம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சொல் காதில் விழுந்தாலே உடம்பு விறைத்துவிடும்.

என் மனைவியிடம் இந்தக் கொள்கை செல்லுபடியாகாது. கேஸ் சிலிண்டரோ விறகோ, யார் எதைச் சுமந்துகொண்டு படி இறங்கி வந்தாலும், அவர்கள் முற்றத்தைத் தொடுவதற்குள் கேத்தல் அடுப்பில் ஏறியிருக்கும். சில வருடங்களுக்கு முன் டீவி வந்தபோதும் அப்படித்தான். தூக்கி வந்தவர்களுக்குப் பிளேன்டீ, பேக்கரியில் சுட்ட ரோஸ் பாண், அவள் போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய். நான் பக்கத்தில் நின்று, இதுவும் ஒருவகை இனாம்தான் என்று அவர்கள் முன்னாலேயே விளக்க ஆரம்பித்தேன். “காசு உங்க சட்டம். தேத்தண்ணி என்னோட டிபார்ட்மென்டு. தலையிடாதீங்க” என்றாள். டீவிக்காரர்கள் பாணை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

இந்தப் பிரிட்ஜ் வந்தபோது அந்த டிபார்ட்மென்ட் மூடிக் கிடந்தது. அவள் காலமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. படத்துக்குப் பிரேம் போட்டு, கூடத்தில் மாட்டி, மாலை போடுங்கள் என்று மகள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று பதில் சொல்லி வந்தேன். அலுவலகத்தில் ஒன்றுமே செய்யாதபோது நாங்கள் எழுதும் வாசகம் அது.

மதியம் கழிந்து, மழையோடு மழையாக லொறி வந்தது. இரண்டு பேர். சாரதி சிங்களவர். மற்றவர் உடப்புசல்லாவைப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். பிரிட்ஜுக்குக் கயிறு கட்டி, சாரதி மேலிருந்து இழுத்துப் பிடிக்க, இவர் கீழே முதுகைக் கொடுத்துப் படிப்படியாக இறக்கினார். பாசி பிடித்த படி. ஒரு இடத்தில் அவருடைய கால் வழுக்கியபோது எனக்கு வாசல் பற்றிய விளக்கமெல்லாம் மறந்துபோயிற்று.

விறாந்தையில் இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைத் தாண்டி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“ஐயா, அம்மா இல்லீங்களா?”

அப்போதுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. டீவி கொண்டுவந்தவர்.

“இல்ல” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் நம் மொழியில் அந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வெளியே போயிருப்பவருக்கும் அதுதான், போய்விட்டவருக்கும் அதுதான்.

“இந்த மழையில டவுனுக்கா போயிருக்காங்க?” என்று செருப்பை ஓரமாகக் கழற்றினார். “வந்தா சொல்லுங்க, டீவி தூக்கிட்டு வந்த ஆளு கேட்டான்னு.”

திருத்தியிருக்க வேண்டும். மற்றவர்கள் எழுதியதைச் சிவப்புப் பேனையால் திருத்தியே காலத்தை ஓட்டியவன் நான். ஆனால் வாயிலிருந்து வந்தது “சொல்றேன்” என்பதுதான்.

சொன்ன மாத்திரத்தில் வீடு மாறிவிட்டது. அத்தனை மாதமும் ஆளில்லாமல் கிடந்த அடுப்படி, ஆள் வெளியே போயிருக்கிற அடுப்படியாகத் தெரிந்தது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அவள் ஹட்டனில் ஏதோ கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள். கையில் இரண்டு பை. குடையைக் கொண்டுபோகாதது என் குற்றம் என்று வந்ததும் ஆரம்பிப்பாள்.

பழையதைக் காலி செய்தால் வெளியே எடுத்து வைத்துத் தருவதாக அவர் சொன்னார். உள்ளே இருந்தவற்றை இருவருமாக எடுத்தோம். அடித்தட்டின் மூலையிலிருந்த போத்தலைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

“இது அம்மா போட்ட ஊறுகாதானே? அன்னைக்குச் சாப்பிட்டுட்டு வீட்டுல போயி பெருமையா சொல்லிட்டேங்க. எம் பொண்டாட்டி ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டா.”

அவள் கடைசியாகப் போட்ட ஊறுகாய் அது. தின்னவும் மனசில்லாமல் எறியவும் மனசில்லாமல் வைத்திருந்தேன். போத்தலை அவரிடமிருந்து வாங்கி மூடியைத் திறந்தேன். வாசனை வந்தது. நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.

வீட்டில் பாண் இருந்தது. தேத்தண்ணியை நானே போட்டேன். சீனியைக் கலக்க மறந்து, தனியாகக் கிண்ணத்தில் வைத்தேன். இருவரும் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்கள்.

“கோவிச்சுக்காதீங்க ஐயா. இது தேத்தண்ணி இல்ல, கசாயம். அம்மாகிட்டக் கேட்டுப் பழகிக்கிடுங்க.”

“அவ சொல்லித் தரமாட்டா.”

“அது சரி. அவங்க டிபார்ட்மென்டுக்குள்ள உங்கள விட்டுருவாங்களா?”

அந்த வார்த்தையை அவர் ஞாபகம் வைத்திருந்தார். சாரதி என்ன பகிடி என்று கேட்க, இவர் சிங்களத்தில் சொன்னார். மூவரும் சிரித்தோம். நான் அந்த விறாந்தையில் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று கணக்குப் பார்க்கவில்லை. அவர்கள் போத்தலில் பாதியைக் காலி செய்தபோது எனக்கு வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை. மீதியை அவரே மூடி, “அம்மாவுக்கு இருக்கட்டும்” என்று தள்ளி வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் குடையோடு இறங்கி வந்தாள். புதுச் சாமான் வந்தால் அவள் வராமல் இருக்கமாட்டாள். பிரிட்ஜைத் தலையோடு கால் பார்த்துவிட்டு, “அக்கா இருந்திருந்தா எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாங்க” என்றாள்.

இன்னும் ஒரு வாக்கியம் அவள் பேசினால் எல்லாம் முடிந்துவிடும். ஹட்டனில் மழைக்கு ஒதுங்கி நிற்பவள் மறுபடியும் போய்விடுவாள்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பாமலே, “அதுக்கென்னங்க, பொழுது சாய வந்து பாக்கத்தானே போறாங்க” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிரிட்ஜில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். சாவு வீட்டில் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவள் அவள். சேலைத் தலைப்பால் இல்லாத தூசியைப் பிரிட்ஜ் கதவிலிருந்து துடைத்தாள். “ஆமா, வந்து பாப்பாங்க” என்று சொல்லிவிட்டுக் குடையை விரிக்காமலே படியேறிப் போனாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர்கள் கிளம்பும்போது நோட்டை மடித்து நீட்டினேன். “தேத்தண்ணிக்கு” என்றேன். என் வாயிலிருந்தேதான் வந்தது.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “வேணாங்க ஐயா. காசு வாங்குனா கடையில பிரச்சினை. போன் போட்டு விசாரிப்பாங்க. தேத்தண்ணிதான் குடிச்சாச்சே, கசாயமா இருந்தாலும்.”

அருமையான விதி. வேறொரு நாளாக இருந்தால் மனம் குளிர்ந்து நோட்டைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்திருப்பேன். ஆனால் அன்றைக்கு அவரை வெறுங்கையோடு அனுப்ப முடியவில்லை.

“நான் குடுக்கல. அவ குடுக்கச் சொல்லிட்டுப் போனா. குடுக்கலேன்னா வந்து என்னையத்தான் ஏசுவா.”

அவர் சாரதியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அம்மா குடுத்ததுன்னா சரிங்க. வந்தா சொல்லிருங்க.”

பதவியில் இல்லாத ஒருவர் பெயரில் உத்தரவு போடுவது பாரதூரமான குற்றம். சர்வீஸில் இருந்திருந்தால் நானே விசாரணைக்கு எழுதியிருப்பேன். மறுநாள் கடையிலிருந்து போன் வந்தது. வேலையாட்கள் காசு கேட்டார்களா என்றார்கள். இல்லை என்றேன். நீங்கள் ஏதாவது கொடுத்தீர்களா என்றார்கள். நான் கொடுக்கவில்லை என்றேன். இரண்டு பதிலும் சுத்தமானவை.

அன்றைக்கு லொறி போன பிறகு, பிரிட்ஜைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும் என்ற முறைப்படி விறாந்தையில் காத்திருந்தேன். பொழுது சாய்ந்தது. ஹட்டன் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. நின்றது. புறப்பட்டது. என்னையறியாமல் படிகளைப் பார்த்தேன். யாரும் இறங்கி வரவில்லை. எழுந்துபோய் பிரிட்ஜைப் போட்டு, முதலில் அந்தப் போத்தலை உள்ளே வைத்தேன்.

சாமான் கொண்டுவருகிறவர்களுக்கு ஏதாவது கொடுக்கலாமா கூடாதா என்று இப்போது யாராவது கேட்டால், முதலில் தேத்தண்ணியைக் கொடுங்கள், மற்றது தானாக வரும் என்கிறேன். நான் போடும் தேத்தண்ணியும் கொஞ்சம் தேறியிருக்கிறது. படத்துக்குப் பிரேம் போட்டு மாலையும் போட்டாயிற்று. ஆனால் மகள் சொன்ன கூடத்தில் மாட்டவில்லை. படுக்கையறையில்தான் இருக்கிறது. சாமான் தூக்கி வருகிறவர்கள் அங்கே வரமாட்டார்கள். டீவிதான் பிடிவாதமாக இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது பழுதாகும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் அவள் போய்விட்டாள். உடப்புசல்லாவைக்காரர் ஒருவருக்கு மட்டும் அவள் இன்னும் டவுனுக்குத்தான் போயிருக்கிறாள், அவர் மறுபடி வந்து “அம்மா இல்லீங்களா?” என்று கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கும்.