குடிக்காதவனின் சத்தியம்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். கேட்டுக்குள் பீடியும் தீப்பெட்டியும் போகக்கூடாது. வாய் நமநமத்தால் எங்களில் பாதிப் பேருக்கு வெற்றிலைதான். நான் பீடியை விட்டுவிட்டதாக என் மனைவி தெருவெல்லாம் பெருமையடித்தாள். பாக்கு கொஞ்சம்தான், புகையிலை கிடையாது. சுண்ணாம்பை மட்டும் தாராளமாகத் தடவுவேன். அதனால் வந்த நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடை மாத்திரையும் வேளைக்கு ஒரு டம்ளர் பாலும்.

போன சீசனில் உடம்பு என்னவோ ஆனது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சர்க்கரையோ என்று பார்த்தோம், இல்லை. பிறகு புத்தி மந்தமானது. மதுரை லோடைத் திருநெல்வேலி வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, நான் சொல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். நடை தள்ளாடியது. "தெளிஞ்சப்புறம் வாங்க" என்று முதலாளி அனுப்பிவிட்டார். வெடிமருந்து இருக்கிற இடத்தில் அப்படி ஒருவனை யார் வைத்துக்கொள்வார்கள்? அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

வீட்டில் மனைவி என் முகத்தருகே வந்து முகர்ந்து பார்த்தாள்.

"வாடைய மறைக்கத்தான் இம்புட்டு வெத்தல போடுதீகளா?"

நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அதைச் சொல்லும்போதே நாக்குக் குழறியது.

இருக்கன்குடிக்கு அழைத்துப்போய், இனி குடிக்க மாட்டேன் என்று மாரியம்மன் முன்னால் சத்தியம் கேட்டாள். வாதாடத் தெம்பில்லை. குடித்திருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன். திரும்பும்போது பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வாந்தி நிற்காமல் விருதுநகருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், பிறகு என் சிவந்த உதட்டைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு எம்புட்டு வைப்பீக?"

ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிடந்ததாம். சுண்ணாம்பும் பாலும் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை, அபூர்வமாகத்தான் இப்படி ஆகும் என்றார். தாகம், தள்ளாட்டம், குழறல் எல்லாம் அதனால்தான். மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

சலைன் ஏற்றியதில் தெளிந்தேன். சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்கிறேன். முன்பு வெளியே போய் வந்தால், அவள் நெருங்கி வந்து தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிடுவாள். இப்போது எட்ட நின்று துண்டை நீட்டுகிறாள். கிட்ட வந்தால், முகர்ந்து பார்க்கிறாள் என்று நான் நினைத்துவிடக் கூடாதாம்.