காமிலின் ஒட்டுமெஷின்

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஜெயலெட்சுமிக்குக் காமில் பதினெட்டாயிரம் ரூபா கடன்பட்டிருந்தான். அது அவளுக்கு விழுந்த சீட்டுப் பணம். அடகில் கிடந்த கழுத்து அட்டியலை மீட்க வைத்திருந்ததை, தீபாவளிக்கு முந்தித் தருவதாக அவன் சொன்ன ஒரே வார்த்தையை நம்பிக் கொடுத்தாள். தவறினால் அட்டியல் ஏலத்துக்குப் போய்விடும்.

தொண்ணூற்றேழில் அந்தப் பணத்தைப் போட்டுத்தான் பிளாஸ்டிக் ஒட்டும் பழைய மெஷினை வாங்கினான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் பதுளை டவுனில் அவன் கைபடாத ரேடியோ உண்டா, கேட்டுப் பாருங்கள்! தைத்த மழைக்கோட்டு ஊசி ஓட்டை வழியே ஒழுகும். இந்த மெஷினோ ரேடியோ அலையால் பிளாஸ்டிக்கைச் சூடேற்றி ஒட்டிவிடும். கடைக்கார மொஹிதீன் ஹாஜியார் நூறு கோட்டுக்கு ஓடர் கொடுத்தார். ஒழுகாவிட்டால் கைமேல் காசு.

நாலு கோட்டு ஒட்டின. ஐந்தாவதில் பொறி பறந்து ஓட்டை விழுந்தது. பிளாஸ்டிக் சூடாக ஆக மெஷினின் டியூனிங் விலகும். அந்தக் கணமே குமிழைத் திருப்ப வேண்டும். காமிலின் இரண்டு கையும் கோட்டின் விளிம்பைப் பிடித்திருக்கும். மனைவி றஷீனாவைக் குமிழில் நிறுத்தினான்.

"திருப்பு! திருப்பு!"

"நீங்க சொல்லி முடியமுந்தி கருகுது. எனக்கென்ன மூணு கண்ணா ஈக்கு?"

ஞாயிற்றுக்கிழமை ஜெயலெட்சுமி வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன காமில் நானா, மெஷின் ஓடுதா, இல்ல நீங்கதான் ஓடப் போறீங்களா?"

காமில் சிரித்து வைத்தான்.

றஷீனா மோட்டார் பூட்டிய தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மிதியை மெல்ல அழுத்தினால் மெல்ல ஓடியது, ஓங்கி அழுத்தினால் பறந்தது. காமில் அந்த மிதியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

மெஷினில் ஃபெரைட் என்ற காந்த வளையத்தில் சுற்றிய ஒரு கம்பிச் சுருளைச் சேர்த்தான். அதே வளையத்தில் இன்னொரு கம்பியைச் சுற்றி, லொறி பேட்டரியின் மின்சாரத்தை மிதி வழியாக விட்டான். மின்சாரம் கூடினால் வளையத்தின் காந்தம் நிறைந்து சுருளின் பலம் குறையும். டியூனிங் தானே நகரும். கை வேண்டாம், கால் போதும்!

முதல் மிதியிலேயே ரேடியோ அலை பேட்டரிக் கம்பியில் ஏறி அவன் பாதத்தைச் சுட்டது. றஷீனா அலறினாள். அவன் விடவில்லை. இரண்டு வளையம் வைத்து, கம்பியை ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றினான். ஒன்றில் ஏறிய அலையை மற்றது அழித்துவிட்டது. அதன்பின் மெஷினின் மீட்டர் முள்ளைப் பார்த்துக் காலாலேயே டியூன் பிடித்து, நூறு கோட்டையும் ஒட்டி முடித்தான்.

அடகுத் தவணை முடியும் நாள் பின்னேரம். வாசலில் ஜெயலெட்சுமி. உள்ளே ஹாஜியார் ஒரு கோட்டின் தலைமூடியைப் புரட்டி, ஒரு செம்புத் தண்ணீரை அதில் ஊற்றித் தூக்கிப் பிடித்தார். மூவரும் ஒட்டிய இடத்தையே பார்த்தார்கள். ஹாஜியார் உலுக்கினார். ஒட்டிய விளிம்பைக் கிள்ளி இழுத்தார்.

"ஒரு சொட்டும் இல்லியே, காமில்!"

"வேற யாரு ஒட்டினதாம், ஹாஜியார்?"

"நானா, பேச்சு பொறவு," என்றாள் ஜெயலெட்சுமி. "அடகுக்கடைய மூடிருவான்."

கொழுந்துக் கறை படிந்த கையை நீட்டினாள். ஹாஜியார் தந்த பணக்கட்டைப் பிரித்து, காமில் அந்த விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தான்.