கழித்துப் போட்ட எடை

என் அக்கா மகளின் கால் எலும்பில் விரிசல் விழுந்ததற்கு நான்தான் காரணம். வலியோடு வந்தவளிடம் கணக்குப் போட்டுப் பார்த்து, "நீ தாராளமா வேலைக்குப் போகலாம்" என்று சொன்னேன்.

பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்று, இலங்கை மலையகத்து றொசல்லவுக்குத் திரும்பியிருந்தேன். திரும்பத் திரும்பச் சுமை ஏறும்போது மனித எலும்பு எப்படிக் களைத்துப்போகிறது என்பதைக் கணினியில் மாதிரியாக அமைப்பதே என் கடைசிக்கால வேலை. ஒவ்வோர் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். உடம்பு அவற்றை ஆற்றிக்கொண்டே வரும். கீறல் முந்திக்கொண்டால் எலும்பில் விரிசல் விழும். சுமை சற்றுக் கூடினாலும் கீறல் பல மடங்கு கூடும்.

அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். முன்னங்கால் வலிக்கிறது, ஒரு வாரம் லீவு கேட்கட்டுமா என்று வந்தாள். அன்றன்று பறித்த எடையை எழுதித் தரும் அவளுடைய நிறுவைத் துண்டுகளை வாங்கி, பறிக்கும் மலையிலிருந்து தராசு வரை நடக்கும் அடிகளையும் எண்ணி, மாதிரியில் இட்டேன். எலும்பு தாங்கும் என்று வந்தது.

"கம்ப்யூட்டரு சொன்னா சரிங்க மாமா. கால்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றாள்.

பன்னிரண்டாம் நாள், படிக்கட்டில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. ஹட்டனில் எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பில் மெல்லிய கோடு தெரிந்தது.

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவளே கேட்டாள்: "துண்டுல உள்ள கிலோவையா போட்டீங்க? அது தண்ணிக்கும் சாக்குக்கும் கழிச்சதுங்களே மாமா. மழ நாள்ல எவ்வளவு கழிப்பாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். அந்தக் கழிவுக்காக என் அம்மா கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடித்ததைப் பார்த்தே வளர்ந்தேன். இருந்தும் துண்டில் எழுதியிருந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டேன். கழித்த கிலோவையும் அவள்தான் சுமந்து இறங்கியிருந்தாள்.

பிறகு ஒரு தொங்குதராசு வாங்கி, அவளோடு பறிக்கும் பெண்களின் சாக்குகளைக் கழிவில்லாமல் நிறுத்துப் பார்த்தேன். அந்த எடைகளோடு மாதிரியைத் திரும்ப ஓட்டியதில், இரண்டாவது வாரத்தில் எலும்பில் விரிசல் விழுந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துத் துரையிடம் போய் என் தவறைச் சொன்னேன். அவளுக்கு இலேசான வேலையும், மலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு தராசும் கேட்டேன். அவளுக்கு நாற்றுமேடையில் வேலை கிடைத்தது. தராசு இன்னும் வரவில்லை.

இப்போதும் சற்றுக் காலை விந்தித்தான் நடக்கிறாள். போன மாதம் கால் வலித்தபோது வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"கேட்டுட்டு லீவு போடலாம்னு வரலைங்க மாமா. லீவு போட்டுட்டுத்தான் வந்தேன்."

நல்லது என்றேன்.