கேரம் கிளப்பில் எனக்கொரு நாற்காலி

"சும்மா ரீல் விடுறான்" என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். அன்றைக்கு அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டவன் நான்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைக்க அந்தச் சின்ன ஊருக்குப் போய் இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேர் என் கண்ணாடியைத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் நான் மட்டும் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியமாட்டேன்! சாயங்காலம் ஆண்கள் கூடும் கேரம் கிளப்பில் நான் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கலாம். உட்காரக் கூடாது. நாற்காலி உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். "இன்னும் எத்தனை நாள்தான் இப்படி நிப்பீங்க? வேற ஊருக்குப் போயிடலாம்" என்று என் மனைவி தினமும் நச்சரிப்பாள்.

அதனால், அந்த வியாழக்கிழமை மருந்துக்கடைக்காரர் என் தோளில் கை போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்க மாப்ள. இன்னைக்கு நீங்கதான் ஆடுறீங்க."

"நானா?"

"பின்ன? நீங்க நம்ம ஆளாச்சே!"

உருகிப்போனேன், முட்டாள்.

மணி 5:50. அவரும் தையல்காரரும் என்னை உட்காரவைத்தார்கள். காய்கள் அடுக்கி, பவுடர் தூவி, போர்டு தயாராக இருந்தது. எதிர் நாற்காலி காலி. "டீ சொல்லிட்டு வந்துடறோம்" என்று இரண்டு பேரும் வெளியே போனார்கள். டீ சொல்ல எதற்கு இரண்டு பேர்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

5:58. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. க்ளக்... விளையாடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன்.

6:04. டக்!

ஸ்ட்ரைக்கரை நான் தொடவேயில்லை. காய்கள் சிதறின. ஒரு கறுப்புக் காய் குழியில் விழுந்தது.

எதிர்ப்பக்கம்... பவுடரில் ஒரு விரல் தடம்.

ஸ்ட்ரைக்கர் மெதுவாக வழுக்கி வந்து என் முன்னால் நின்றது.

கதவுக்கு ஓடினேன். "அண்ணே! திறங்கண்ணே!"

குனிந்து கதவிடுக்கில் பார்த்தேன். செருப்புக் கால்கள். ஐந்து... பத்து... அதற்கும் மேலே. ஒன்றுகூட அசையவில்லை.

"ஒரு ஆட்டந்தான் மாப்ள." மருந்துக்கடைக்காரர் குரல். "ஆடிட்டு வந்துடுங்க."

பாவிகளா...

பின்னால், டக்.

டக்.

ஆடினேன்.

தோற்றேன்.

6:40. கதவு திறந்தது. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் மனைவி என் கடைக்கு வந்து அழுதார்.

"வருஷா வருஷம் அதே தேதியில அந்த போர்டுல ஒரு ஆள் உக்காந்தே ஆகணும் தம்பி. உக்காந்தவங்க அடுத்த வருஷம் இருக்கமாட்டாங்க. அதான்... வெளியூர் ஆளாப் பாத்து..."

"எதிர்ல ஆடுனது யாரு?"

"போன வருஷம் உக்காந்தவருதான். பேங்க் கேஷியர். அவரும் வெளியூரு. பத்தே மாசத்துல போயிட்டாரு."

அன்றே ஊரைக் காலி செய்தோம். கேஷியர் மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், அவரும் ஆசையாகத்தான் உட்கார்ந்திருப்பார். கதவுக்கு வெளியே நின்ற கால்களைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

எனக்கு இது ஒன்பதாவது மாசம்.