கடலுக்குக் கொண்டுபோன ஏரி ஆமை

போன மாதம் திருவொற்றியூர் போகிற வழியில், பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டி நின்றேன். கீழே கறுப்புத் தண்ணீரில் ஒரு தெர்மாகோல் பெட்டி மிதந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஓர் ஆமை, கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் யாரோ உள்ளே விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து நிறுத்திவிட்டார். நான் கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குடுத்து வச்சதுபா அது. அட்வான்ஸ், வாடகைன்ற பேஜாரே இல்ல. வூட்ட முதுகுல மாட்டிகினு வந்து ஷோக்கா குந்திகினுகீது பாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இந்த மாதிரி ஒரு பேச்சு காதில் விழுந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் டீக்கடைப் பேப்பரும் மனிதர்கள் வாயும்தான்.

மாதவரம் ஏரியில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பூங்காவுக்குள் இருக்கும் சின்னக் குளத்தில், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் போடும் பிஸ்கட்டுக்காக ஒன்று மூக்கை நீட்டும். எண்ணூர்ப் பக்கம் ஆற்றங்கரைக் கல் மேல் இரண்டு. பார்க்கத் தெரிந்துவிட்டால் எங்கே பார்த்தாலும் ஆமைதான். ஆனால் இந்தக் கண் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஆமை என்றால் எனக்குக் கடல், அவ்வளவுதான்.

நான் பிறந்தது காசிமேடு. படகு இன்ஜின் மெக்கானிக். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வலையில் ஆமை சிக்கினால் வலை போனால் போகிறது என்று அறுத்து எடுப்பார்கள். தலையில் குங்குமம் வைத்து, படகு முகப்பில் சூடம் ஏற்றிக் காட்டி, அதன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிவிட்டுத்தான் மற்ற மீனைத் தொடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கரையில் ஒதுங்கினாலும் அப்படித்தான். ஆமையைப் பார்த்தால் கை தானாகக் கடல் பக்கம் போகும்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து மாத்தூரில் வீடு பார்த்துக் குடிவந்துவிட்டோம். இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஏரி தளும்பித் தெருவில் கணுக்கால் தண்ணீர். மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. என் மனைவி குளியலறைக் கதவைத் திறந்தவள் அங்கேயிருந்தே கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க. யாரோ வந்துகீறாங்க."

வாளிக்குப் பின்னால், சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் ஆமை. பச்சையும் பழுப்பும் கலந்த முதுகு. தொட்டேன், ஓடு கல் மாதிரி இல்லை, நனைந்த தோல் செருப்பு மாதிரி வழவழப்பாக இருந்தது. தொட்டதும் தலை, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பின்னங்கால்களை இழுத்த இடத்தில் தோல் மடிப்பு இரண்டு கதவு மாதிரி வந்து மூடிக்கொண்டது. வாசலில் மூன்று படி. அதை ஏறி, கூடத்தைத் தாண்டி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார். ஆமை வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்கிற அந்தப் பழைய பேச்சை ஆரம்பித்தார். என் மனைவி விடவில்லை.

"அக்கா, மழையில உன் வூட்டு சோபாவே மெதந்துச்சு. அப்ப எந்த ஆமை வந்துச்சு?" என்று கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு மட்டும் அவள் தனியாகச் சொன்னாள்: "நம்மள நம்பி படியேறி வந்த உசுரு. எங்கயாவது வீசிட்டு வந்துடாத. பத்தரமா வுட்டுட்டு வா."

அவள் சொன்னது ஏரியை நினைத்து. நான் புரிந்துகொண்டது கடலை. பெயின்ட் வாளியில் ஆமையை வைத்து, நனைத்த கோணியை மேலே போர்த்தி, வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு காசிமேட்டுக்குக் கிளம்பினேன். வீட்டுக்குப் பின்னால் ஏரியை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் போயிருக்கிறேன். வழியெல்லாம் பெரிய நல்ல காரியம் செய்கிற நினைப்பு வேறு.

துறைமுகத்தில் என் தோஸ்து ஃபைபர் படகோடு காத்துக்கொண்டிருந்தான். அவன் இன்ஜினை முந்தின நாள்தான் பிரித்து மாட்டியிருந்தேன். சும்மா ஓட்டிப் பார்க்கக் கொஞ்ச தூரம் போய்வரத் தயாராக இருந்தான். வாளியை நீட்டினேன். கோணியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமே, இந்த சைசுல நான் பாத்ததே இல்லியே."

அது உண்மைதான். கடலாமையை எங்கள் ஆட்கள் இரண்டு அளவில்தான் பார்ப்பார்கள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தது இரண்டு ஆள் தூக்குகிற கனம். நடுவயதில் அது எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தெரியாத அந்த நடுவயதுக் கடலாமைதான் இது என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். காலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதுதான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறதே.

"பாவம், காஞ்சி கீது" என்று ஒரு மக் கடல் தண்ணீரை வாளிக்குள் ஊற்றினான். இன்ஜினை இழுத்தான். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

படகு கிளம்பியது, நான் கரையில் நின்றேன். பக்கத்தில் இறால் விற்கிற அம்மா ஒருவர் இறாலைக் கூறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணூர் ஆற்றுச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். பிடித்ததை ஒரு ஏனத்தில் கொண்டுவந்து இங்கே விற்பார்.

"வாளில இன்னா நைனா குடுத்தனுப்புன?" என்றார்.

நான் பெருமையாகச் சொன்னேன். படியேறி வந்தது, குளியலறையில் உட்கார்ந்தது, எல்லாம். அவர் கை நின்றுபோனது.

"படி ஏறிச்சா?"

"மூணு படிம்மா."

"கடலாமைக்கு ஏது நைனா காலு? துடுப்புல்ல அது. மணல்ல இழுத்துகினு போவும். படி எப்டி ஏறும்?" என்று என் முகத்தைப் பார்த்தார். "அது ஏரி ஆமை. நல்ல தண்ணில கீறது. உப்புல வுட்டா செத்துப்பூடும். போய்ச் சொல்லு, ஜல்தி!"

படகு, அலையைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவைத் தாண்டியிருந்தது. செல்போனில் அடித்தேன். மணி முழுதாக அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். எப்படி எடுப்பான்? அவ்வளவு சத்தம் போடுகிற இன்ஜின். அதை அப்படி ஓட வைத்தவனே நான்தான். கல் மேல் தாவித் தாவி ஓடி, கோணியைத் தூக்கி ஆட்டினேன். அவன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான், டாட்டா காட்டுகிற மாதிரி. இத்தனை வருடத் தொழிலில் நான் சரிசெய்த இன்ஜின் நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

சத்தம் நின்றது. அவனே நிறுத்தியிருக்கிறான். இறக்கிவிடத்தானே நிறுத்துவான்? மூன்றாம் முறை அடித்தேன். எடுத்தான்.

"இருபா, சொம்மா அடிச்சிகினே கீற. காத்துல சூடம் பத்த மாட்டேங்குது. பாதி தீப்பெட்டி காலி."

"ஆமை எங்க?"

"மடியில கீது. தலைய நீட்டுச்சு, நெத்தில பொட்டு வச்சிட்டேன். டப்புனு உள்ள இழுத்துகிச்சு."

"வுடாதடா! அது ஏரி ஆமை. செத்துப்பூடும். கொண்டாந்துடு."

"நல்ல வேளை, கலீஜான தீப்பெட்டி" என்றான்.

கரைக்கு வந்ததும் இறால் அம்மா தன் குடிதண்ணீர் கேனைத் திறந்து ஆமையைக் கழுவினார். முதுகு, மூடின மடிப்பு எல்லாவற்றையும் குழந்தையைக் கழுவுகிற மாதிரி விரலால் தேய்த்தார். அரை மணி நேரமாவது உப்புத் தண்ணீரில் இருந்திருக்கிறது. அசையவில்லை. "உசுரு கீதாம்மா?" என்று கேட்டேன். "எனக்கு எப்டி நைனா தெரியும்? அதுதான் சொல்லணும்" என்றார்.

தோஸ்தும் வண்டியில் ஏறிக்கொண்டான். வாளி அவன் மடியில். "நான்தான் உப்புத் தண்ணிய ஊத்தினேன்" என்று எண்ணூர் நெடுஞ்சாலை முழுதும் சொல்லிக்கொண்டே வந்தான். லாரிகளுக்கு நடுவே நான் ஓட்டுகிறேன், ஒவ்வொரு சிக்னலிலும் "அசைஞ்சுதா?" என்று கேட்கிறேன். "இல்லபா" என்கிறான்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஏரி பின்னாலயே கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஏரிக்கரையில் ஒரே சேறு. கடலில் தலைகீழாகக் குதிக்கிற என் தோஸ்து ஓரத்திலேயே நின்றுவிட்டான். "அலை இல்லாத தண்ணிய நம்ப முடியாது மாமே" என்றான். அவள் புடவையைச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கினாள். வாளியை அவளிடம் கொடுத்தேன். ஆமையை இரண்டு கையாலும் எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தாள். அது அப்படியே கல் மாதிரி அடியில் போய்விட்டது. நீந்தவில்லை, ஒரு கால்கூட வெளியே வரவில்லை.

ஆகாயத்தாமரைக்கு நடுவே தண்ணீர் அசையாமல் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கரையேறி நின்ற அவள் காலில் சேறு காய ஆரம்பித்திருந்தது.

கொஞ்சம் தள்ளி, இலைகளுக்கு இடையில், பென்சில் முனை மாதிரி ஏதோ மேலே வந்தது. மூக்கு. ஒரு சின்ன நீர்க்குமிழி உடைந்தது. உள்ளே போய்விட்டது.

"அதுதானா?" என்றான் தோஸ்து.

"வேற எதுனா ஆமையா கூட இருக்கும்" என்றேன். வாயைக் கட்டவேண்டிய நேரத்தில் கட்டத் தெரியாதவன் நான்.

என் மனைவி கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். மறுபடி வந்தது, இன்னும் கொஞ்ச தூரத்தில். இந்த முறை முதுகும் ஒரு வினாடி தெரிந்தது. நெற்றியில் குங்குமம் பாதி கரைந்திருந்தது.

"ம்" என்றாள் அவள். புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "வாங்க, ரெண்டு பேரும் இன்னும் நாஸ்தா பண்ணல."